பூட்டும் மணியும்

“…வர வேணாம்னா வர்ல தம்பி. ஆனா என் ஓட்ட யாரு போடுவா? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

கேட்டது எங்கள் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். பஞ்சாயத்து எலெக்‌ஷன் அன்று காலை. கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டி, எண்ணெய் வைத்துத் தலைவாரி, கிளம்பத் தயாராக வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். அப்பா குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். அந்தக் கேள்விக்கு அப்புறம் பெரியம்மா என்ன செய்தாள் என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராகப் போய் அங்கே நின்றால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் சுற்றித்தான் வரணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் என் வயசுதானே. இப்போது நமக்கெல்லாம் ஓட்டுப் போடுவது எவ்வளவு சுலபமாகிவிட்டது பாருங்கள். சட்டமன்றம், உள்ளாட்சி என்று இங்கே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. என் மருமகள் போனில் ஒரு படத்தைக் காட்டி எனக்குப் பாடம் எடுக்கிறாள். “இந்த பட்டன அழுத்துனா பீப்னு சத்தம் வரும் அத்த, பக்கத்துல கண்ணாடிக்குள்ள சீட்டு தெரியும். அது விழுற வரைக்கும் நில்லுங்க, கையெடுத்துக் கும்புட்டுட்டு ஓடியாந்துடாதீங்க.” போன சட்டமன்றத் தேர்தலில் நான் ஓடிவரவில்லை, கூடக் கொஞ்ச நேரமே நின்றுவிட்டேன். மெஷினில் பட்டனுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக மேடு தட்டியிருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கண் தெரியாதவர்கள் தடவிப் பார்க்க வைத்தது. அதை விரலால் தடவிக்கொண்டே நின்றேன். அந்தப் பக்கமிருந்து ஆபீசர், “என்னாம்மா, எதுல போடுறதுன்னு குழப்பமா?” என்றார். “இல்ல சார், ஒருத்தவங்க ஞாபகம்” என்றேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்!

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமும் உப்பு சீசனும் எலெக்‌ஷனும் ஒன்றாக வந்தன. மழை விட்டு, பாத்திகளின் தரையை மிதித்து இறுக்கி, தண்ணீர் கட்டி, முதல் உப்பு பூக்க ஆரம்பித்த நேரம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேருமே மரக்காணத்து உப்பளத்தில் வேலைக்குப் போகிறவர்கள். பெரியப்பா இறந்ததிலிருந்து பெரியம்மா எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் என்னை அம்மா திட்டும்போதெல்லாம், “என் பங்கையும் சேத்துத் திட்டாத, அவ பாதி எனக்குன்னு பேச்சு” என்பாள்.

உப்பளத்துக்காரர்கள் விடிவதற்கு வெகு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். சூரியன் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தி வெயிலை அப்படியே மூஞ்சியில் திருப்பி அடிக்கும். தலைத்துண்டை எவ்வளவு கீழே இழுத்துவிட்டாலும் அது கீழேயிருந்துதானே வருகிறது, எதைப் போட்டு மறைப்பது? அதற்குள் வாரவேண்டியதை வாரிவிட வேண்டும். இருட்டில் ஒற்றை வரப்பில் வரிசையாகப் போகும்போது பெரியம்மாதான் முன்னால் போவாள். பாதத்தாலேயே துழாவி, “இங்க உடைஞ்சிருக்குது, தாண்டி வாங்க” என்று குரல் கொடுப்பாள். பாத்திக்குள் காலை வைத்து, நறநறப்பை வைத்தே, “இன்னைக்கு வார வேணாம், நாளைக்கு வாரலாம்” என்று சொல்லிவிடுவாள். “அவளுக்குப் பூனைக் கண்ணு” என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது ரொம்பப் பெருமை. பூனைக் கண்ணுக்காரி வீட்டுப் பிள்ளை நான்.

அந்தப் பூனைக் கண்ணிலிருந்து எந்நேரமும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். ஓரமெல்லாம் சிவந்திருக்கும். “புருஷன் போனதுலேர்ந்து அவளுக்குக் கண்ணு காயல” என்று தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதனால் அவள் வந்தால் பெரியப்பா பேச்சையே நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், எவ்வளவு தப்பான கணக்கு பாருங்கள். உண்மையில் அவளுக்குப் பெரியப்பாவைப் பற்றிப் பேசத்தான் ஆசை. பேச ஆள் இல்லாமல் என்னிடம் வந்து சொல்வாள், அவர் மீன் வாங்கப் போனால் ஏமாந்து வரும் கதையை. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வேறு என்னென்னவோ இருந்தது, இப்போது கோர்த்துப் பார்க்கிறேன். அரிசியில் கல் பொறுக்குவதை விட்டுவிட்டாள். “அக்காவுக்குச் சோம்பல் வந்துடுச்சு” என்று அம்மா முணுமுணுத்தாள். ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுவாள், “உனுக்குத்தான் பிஞ்சு வெரலு, நீ போடு.” எதிரே வந்து சிரித்தவர்களைக் கண்டுகொள்ளாமல் போனாள். “வெள்ளப் புடவ கட்டுனதும் மண்டகனம் ஏறிடுச்சு” என்று ஒருத்தி குழாயடியில் கத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எங்கள் ஆட்களிடம் தயாராக இருந்தது. அதனால் யாரும் இன்னொரு காரணத்தைத் தேடவில்லை.

உப்பளத்துக்கு டீ கொண்டுவருபவர் ஒருத்தர் இருந்தார். சைக்கிள் கேரியரில் பெரிய கேன், ஹேண்டில்பாரில் பன் பை. வாயைத் திறந்தால் வேடிக்கைதான். “டீயில சக்கர கம்மின்னா சொல்லுங்க, போட்டுத் தரேன். உப்பு கம்மின்னா மட்டும் சொல்லாதீங்க, அத நீங்கதான் எனுக்குக் குடுக்கணும்” என்பார். உங்களுக்குத்தான் தெரியுமே, உப்பளத்தில் மரம் கிடையாது. குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டுதான் டீ குடிப்பார்கள். சூரியன் உச்சிக்கு வந்தால் அதுவும் போய்விடும்.

ஒரு நாள் பெரியம்மா டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள். “ஏன் டீக்காரரே, ஊருக்கெல்லாம் டீ ஊத்துறீங்க. எங்களுக்கு ஒரு நெழல ஊத்த மாட்டீங்களா?”

“நெழலா? கொட்டா போடுறதுக்கு நான் என்ன பஞ்சாயத்து மெம்பரா?”

“ஆயிடுங்க. யாரு வேணாங்குறா?”

எல்லாரும் சிரித்தார்கள். டீக்காரர் சிரிக்கவில்லை. கேனை மூடினவர் மறுபடி திறந்து பெரியம்மாவுக்கு இன்னும் அரை டம்ளர் ஊற்றினார். அந்த வாரமே எலெக்‌ஷனுக்கு வேட்புமனு கொடுத்துவிட்டார். தலைவர் பதவிக்குப் போட்டியில்லை. எங்கள் வார்டு மெம்பருக்குத்தான் மூன்று பேர் நின்றார்கள். டீக்காரருக்கு மணி சின்னம். அவர் சைக்கிளில் நிஜமாகவே ஒரு பித்தளை மணியைக் கட்டிக்கொண்டு திரிந்தார். எதிரே உப்பள மேஸ்திரி நின்றார், அவருக்குப் பூட்டு. யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று தினமும் காலையில் கையைக் காட்டிச் சொல்கிறவர் மேஸ்திரிதான். மூன்றாவது ஆள் சும்மா நின்றார், ஏணி.

அப்பா டீக்காரர் கட்சி. அதோடு அவருக்குச் செல்லாத ஓட்டு என்றால் வயிறு எரியும். அதற்கு முந்தைய சட்டமன்ற எலெக்‌ஷனில் எங்கள் பக்கத்து ஓட்டு நிறையச் செல்லாமல் போனதாம். கோட்டின் மேலே குத்தினவர்கள், சீட்டைக் குறுக்கே மடித்து மையை வேறு சின்னத்தில் ஒட்டவிட்டவர்கள், சாமி படத்துக்கு வைப்பதுபோல எல்லாச் சின்னத்துக்கும் ஒவ்வொரு குத்து வைத்தவர்கள்! “இந்த வாட்டி என் வீட்டு ஓட்டு ஒண்ணுகூட வீணாப் போவக் கூடாது” என்று அப்பா வீட்டிலேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார்.

உப்பு வாரும் பலகையின் உடைந்த காம்பில் ஒரு துண்டை அறுத்து, அதன் முனையில் பெருக்கல் குறி செதுக்கி, முத்திரைக்கட்டை செய்தார். வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கொட்டாங்குச்சியில் குழைத்தால் மை. காலண்டர் தாளின் முதுகில் கரிக்கட்டையால் கட்டம் போட்டு பூட்டு, ஏணி, மணி வரைவார். தினமும் புதுத் தாள், தினமும் வேறு வரிசை. “அன்னைக்கு எந்த வரிசையில அச்சடிச்சு வருமோ யாரு கண்டா? படத்தப் பாத்துக் குத்தணும், எடத்தப் பாத்துக் குத்தக் கூடாது.” சாயங்காலம் அந்தக் கரி வாசனையும், நீலத்தின் வாசனையும், அடுப்பில் கருவாடும்... இப்போதும் சொட்டு நீலம் பாட்டிலைத் திறந்தால் எனக்கு ஓட்டு ஞாபகம்தான் வருகிறது. அந்தக் கட்டை எங்கே போச்சோ தெரியாது. வீடு மாறும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மா ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். பெரியம்மாதான் பிரச்சினை. ஒரு நாள் மணியில் சரியாகக் குத்துவாள். மறுநாள் பூட்டில். அதற்கு மறுநாள் மறுபடி மணி. தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், தள்ளிப் பிடிப்பாள், சிரிப்பாள். “ஒன் கைவண்ணம் அப்படி தம்பி! எது பூட்டு எது மணின்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.” அப்பா இன்னும் அழுத்திக் கறுப்பாக வரைந்தார். அழுத்த அழுத்த இரண்டும் தலையில் வளையம் வைத்த கறுப்பு உருண்டை ஆயின. ஏணி மட்டும்தான் ஏணியாக நின்றது.

ஒரு சாயங்காலம் பெரியம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது அப்பா அம்மாவிடம் சொன்னார். “தெரியாதவ எப்பவும் தப்பாதானே குத்தணும்? இவங்க ஒரு நாளு சரியா குத்துறாங்க, ஒரு நாளு தப்பா குத்துறாங்க. ஏணியில ஒரு நாளாவது குத்துனாங்களா? இல்ல. பூட்டு, இல்லாட்டி மணி. இது தெரியாம குத்துறது இல்ல. மனசு ஊசலாடுது.”

“என்னாங்க பேசுறீங்க? டீக்காரர நிக்க வெச்சதே அக்காதான்.”

“நிக்க வெச்சது வாயி. அவங்க வூட்டுக்காரரு செத்ததும் வேல குடுத்தது மேஸ்திரி. அந்த நன்றி கைய இழுக்குது.”

அம்மா கொஞ்ச நேரம் கருவாட்டைப் புரட்டினாள். அப்புறம், “இருந்தாலும் இருக்கும்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா சாகும்வரை வருத்தப்பட்டாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பெரியம்மா என்னோடு தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாள். துணி துவைக்கிற கல்லருகில் வைத்துக் கேட்டாள். “பாப்பா, ஓட்டுப் போட நீ எங்கூட உள்ள வர்றியா?”

“சின்னப் புள்ளய வுடுவாங்களா பெரிம்மா?”

“முந்தானையப் புடிச்சிக்கினு வர்ற புள்ளய யாரு தடுப்பா? உள்ள போனதும் நீ ஒண்ணும் பேசக் கூடாது. மணி எங்க இருக்குதோ அங்க என் வெரல இழுத்து வெச்சிடு. அவ்ளோதான்.”

“ஏன், நீயே வெக்க மாட்டியா?”

“எனுக்குப் பயமா இருக்குதுடி. கை நடுங்கும். யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்க.”

மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பொரியுருண்டை வாங்கித் தருவதாகவும் பேச்சு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரியவர்கள் போடுகிற ஓட்டில் எனக்கும் ஒரு பங்கு! அவள் பயப்படுகிறாள் என்று நானும் நம்பினேன். பயம்தான் அது, ஆனால் வேறு பயம். கண் தெரியாதவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப்போய்ப் போடலாம் என்று சட்டம் அப்போதும் இருந்திருக்கும். ஆனால் அதைக் கேட்க, பூத்தில் எல்லார் முன்னாலும், மேஸ்திரியின் ஆள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு எதிரே, “எனக்குக் கண்ணு தெரியல” என்று வாயால் சொல்ல வேண்டுமே. சொன்னால் மறுநாள் காலையில் மேஸ்திரியின் கை அவள் பக்கம் நீளாது. இருட்டில் வேலைக்குப் போய், பாதத்தாலும் காதாலும் வேலை செய்து அவள் காப்பாற்றி வைத்திருந்தது அந்தக் கூலியைத்தான். தங்கை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனசில்லை.

எலெக்‌ஷன் அன்று விடிந்தது. டீக்காரர் சார்பாகப் பூத்தில் உட்காரப்போவது அப்பா. ஓட்டுப் போட வருகிறவர்களை ஏற்றிப்போக டிராக்டர் வாசலுக்கே வந்துவிட்டது. மேஸ்திரி அனுப்பின டிராக்டர். அதில் ஏறி எதிராளிக்கு ஓட்டுப் போடப் போவதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. பெரியம்மா எல்லாருக்கும் முந்தித் தயாராகி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, நீங்க வர வேணாம்” என்றார் அப்பா.

“ஏன் தம்பி?”

“பாத்திக்குத் தண்ணி வுடணும். மடைய யாராவது பாக்கணுமில்ல?”

“அத வந்து பாக்குறேன். பூத்து ராத்திரி வரைக்கும் இருக்குமா என்ன, எனுக்காக?”

அப்பாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. “நான் அங்க டீக்காரர் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீங்க உள்ள போயிட்டு வெளிய வர்றப்போ அந்த மனுஷன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? வேணாங்க்கா. உங்க மனசு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு. வுட்டுடுங்க.”

தன்னைப் பற்றி வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு டிராக்டர் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். மேஸ்திரியின் டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் தெரிந்திருக்க மாட்டான். டிராக்டர் தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

டீக்காரர் தோற்றார். கொஞ்சநஞ்சமாக இல்லை, நன்றாகவே தோற்றார். பெரியம்மா ஓட்டு விழுந்திருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா கடைசிவரை இதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார், தேறினார் என்று சொல்ல மாட்டேன். வீட்டுப் பேச்சு எப்படியோ உப்பளத்துக்குப் போய்விட்டது. டீக்காரர் சைக்கிள் பெரியம்மா நிற்கும் கோடிக்கு வருவதற்குள் கேன் காலியாகிவிட ஆரம்பித்தது. “தீந்துபோச்சும்மா” என்பார். கேன் குலுங்கும் சத்தத்திலேயே அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். “பரவால்ல, எனுக்கும் வேணாம்னுதான் நெனச்சேன்” என்பாள்.

ஈஸ்டர் முடிந்து கோயிலின் பங்குப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அம்மா தலைவலிக்குக் கண்ணாடி வாங்கப் போனாள். துணைக்கு வந்த பெரியம்மாவையும் டாக்டரம்மா சும்மா உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர், டார்ச்சை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார், “எவ்வளவு நாளா இப்படி? உங்கள யாரு கையப் புடிச்சிக் கூட்டினு வர்றது?” பெரியம்மா சிரித்தாள். “யாரும் இல்லம்மா, நானே வருவேன்.” டாக்டரம்மா அம்மாவிடம் திரும்பி, “எதிர்ல ஆளு நின்னா நெழலாத்தான் தெரியும் இவங்களுக்கு. உப்பு வெளிச்சம் தின்னுடுச்சு” என்றார். கூட வந்திருந்த அப்பா பின்னால்தான் நின்றிருந்தார். வெளியே போய் அடிபம்பை அடித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் பிடிக்க ஒரு பாத்திரமும் இல்லை, சும்மா அடித்தார்.

பயந்தது நடந்தது. “கண்ணு சரியாவட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார் மேஸ்திரி. கண் சரியாகவில்லை. டீக்காரர் ஒரு நாள் கேனோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். நிறைய இருந்தது கேனில். “நெழல ஊத்தச் சொன்னேன், திரும்பவும் டீயையே கொண்டாந்திருக்கீங்களே” என்றாள் பெரியம்மா. அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சத்தம் வராமல் அழுததால் அவளுக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவுமில்லை.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும், சட்டமன்றமானாலும் பஞ்சாயத்தானாலும், அப்பா அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய், அவள் சொன்ன சின்னத்தில் சொன்னபடியே போட்டுவிட்டு வந்தார். தவறினதே இல்லை. அவளும் வேண்டாம் என்றதில்லை. வந்து உட்கார்ந்ததும், “ஓட்டு என்னுது, கை ஒன்னுது” என்பாள், அவ்வளவுதான். வேடிக்கையாகத்தான் சொல்வாள். அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

பூத்துக்குள் தன் கையால் அவள் அப்புறம் ஒரு தடவைகூடக் குத்தவில்லை. அதனால்தான் அந்தக் காலை என்னை விடமாட்டேன் என்கிறது.

“என் ஓட்ட யாரு போடுவா?” என்று கேட்டாள் அல்லவா? அப்பா போய் டிராக்டரில் ஏறினார். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். சத்தம் ரோட்டுப் பக்கம் போய் அடங்கும்வரை பெரியம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் வெள்ளைப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, உப்பளத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“பாப்பா, கூரையில ஒங்கப்பன் சொருகி வெச்சிருக்கான் பாரு, குத்தாத தாளு, அத எடு. கட்டையையும் எடு. நீலத்தக் கொழச்சிக் கொண்டா.”

கொண்டுவந்தேன். தரையில் தாளை விரித்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இடது கை விரலை என்னிடம் நீட்டினாள். ஒன்றும் பேசக் கூடாது என்பது ஞாபகமிருந்தது. பேசாமல் அந்த விரலை இழுத்து மணியின் மேல் வைத்தேன். அவள் அதை அங்கேயே ஊன்றிக்கொண்டு, வலது கையால் கட்டையை நீலத்தில் தோய்த்து, விரலை மெல்ல விலக்கி, அதே இடத்தில் அழுத்தினாள்.

“எங்கடி வுழுந்துச்சு?”

“மணி மேலதான் பெரிம்மா. நடுவுல.”

“பூட்டுல படலியே?”

“படல.”

தாளைத் தூக்கி, ஈரம் காயும்வரை ஊதினாள். அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, மை ஒட்டாமல், நெடுக்காக மடித்தாள். முந்தானையில் வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்து, மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கையால் தேடி எடுத்துக்கொண்டு, பாத்திக்குத் தண்ணீர் விடப் போனாள்.